நம்ம கோயில் எங்கண்ணே இருந்துச்சு?

போன தை மாதம் மலேசியாவின் சுங்கை பட்டாணியிலிருந்து தம்பி வந்திருந்தான். தம்பி என்றால் உடன்பிறந்தவன் இல்லை, எங்கள் தாத்தாவின் தம்பி பேரன். பங்காளி. நாற்பது வயதைத் தாண்டியவன், இப்போதுதான் முதல்முறையாக நாகப்பட்டினத்தைப் பார்க்கிறான். பெட்டியைத் திறந்ததும் ஒரு டஜன் கோடாலித் தைலத்தை எடுத்து வரிசையாக வைத்தான். "இதெல்லாம் இங்கேயே கிடைக்குதேடா" என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மா முறைத்ததும் அடங்கிவிட்டேன். மலேயாவிலிருந்து ஆள் கையில் வரும் கோடாலித் தைலத்துக்குத்தான் தலைவலி போகும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை.

மறுநாள் காலையில் பசியாறி முடித்ததும் (அவன் சொல்தான் அது, அங்கே காலைச் சாப்பாட்டுக்கு அதுதான் பேச்சு, கேட்க நன்றாக இருந்தது) கேட்டான்.

"அண்ணே, நம்ம கோயில் எங்க இருந்துச்சு? அங்க கூட்டிட்டுப் போங்க."

குலதெய்வக் கோயில் என்றேன். இல்லை. நீலாயதாட்சி அம்மன்? சிக்கல் முருகன்? எட்டுக்குடி? எல்லாவற்றுக்கும் இல்லை என்றே தலையாட்டினான்.

"அது இல்லண்ணே. கடாரத்து ராஜா கட்டினது. சூடாமணி விகாரம், புத்தர் கோயில். எங்க ஊர்க்காரங்க உங்க ஊர்ல வந்து கட்டின கோயில்."

எனக்குச் சிரிப்பு வந்தது. இவனுடைய தாத்தா 1937இல் இந்த ஊர்க் கடற்கரையில் கப்பல் ஏறியவர். அடுத்த வருஷமே தோட்ட வேலைக்கு ஆள் அனுப்புவதை இங்கே நிறுத்திவிட்டார்கள், அவர் கிட்டத்தட்ட கடைசிப் பந்தியில் உட்கார்ந்தவர். நாகையில் கப்பல் கரைக்கு வராது. தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும், படகில் போய்த்தான் ஏற வேண்டும். ரஜூலா, ரஜூலா என்று அப்பாயி அந்தக் கப்பல் பெயரை சாமி பெயர் மாதிரி சொல்வாள். 1926இல் கட்டி, 1973 வரை சென்னைக்கும் நாகைக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்குமாக ஓடிய கப்பல் அது. கொழுந்தனாருக்குக் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போனவள், அழுகிற மும்முரத்தில் அதைக் கொடுக்க மறந்து, தூக்கோடு வீட்டுக்குத் திரும்பி வந்தாளாம். அந்தப் புளிச்சோற்றை யார் சாப்பிட்டார்கள் என்று மட்டும் கடைசி வரை சொல்லவில்லை.

அப்படிப் போனவருடைய பேரன் வந்து நிற்கிறான். அவனுக்கு "எங்க ஊர்க்காரங்க" என்றால் கெடாக்காரர்கள். அவன் ஊர் இருக்கும் அந்தக் கெடாதான் பழைய கடாரம். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் அங்கிருந்து வந்தவர்களுக்கும் இவனுக்கும் ரத்தத்தில் ஒன்றும் இல்லை. ஆனால் ஊர் ஒன்று. யோசித்துப் பார்த்தால், அது போதாதா என்ன?

சரி, கிளம்பினோம். காட்டுவதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை என்று அவனிடம் அப்போது சொல்லவில்லை.

தமிழில் பாதிப் பேருக்குச் சூடாமணி விகாரம் 'பொன்னியின் செல்வன்' தொடர்கதை வழியாகத்தான் தெரியும். இளவரசனுக்குக் காய்ச்சல், பிட்சுக்களின் வைத்தியம், கடல் பொங்கி வருவது. தம்பிக்கும் அப்படித்தான் தெரிந்திருந்தது. அந்த இளவரசன் முடிசூடி, இராசராசன் ஆகி, ஆட்சியின் 21ஆம் ஆண்டில், அதாவது 1006ஐ ஒட்டி, இந்தக் கோயிலுக்கு ஆனைமங்கலத்தில் நிலம் கொடுத்தபோதுதான் கட்டிடமே எழும்பிக்கொண்டிருந்தது. இது செப்பேட்டிலேயே இருக்கிறது. கடாரத்தரையன் நாகப்பட்டினத்து "எடுப்பிக்கின்ற" சூளாமணிபன்ம விகாரத்துப் பள்ளிக்கு, என்று வாசகம். பள்ளி என்றால் இங்கே புத்தர் கோயில். எடுப்பித்த இல்லை, எடுப்பிக்கின்ற. ஆவணம் எழுதிய ஓலைக்காரருக்கு நல்ல தமிழ் தெரிந்திருக்கிறது. சாரம் கட்டி நிற்கும் சுவரும் செங்கல் சுமக்கும் ஆட்களும் அந்த ஒரு சொல்லில் தெரிகிறார்கள்.

கடாரத்தையும் சுமத்திராவின் ஸ்ரீவிஜயத்தையும் ஆண்ட சூளாமணிவர்மன் தொடங்கியதை அவன் மகன் மாறவிஜயோத்துங்கவர்மன் அப்பா பெயரிலேயே முடித்தான். இங்கேயும் அதே கதைதான். இராசராசன் வாயால் சொன்ன தானத்தைச் செப்பேட்டில் வெட்டிக் கொடுத்தவன் மகன் இராசேந்திரன். 21 ஏடுகள், வளையம், முத்திரை, எல்லாம் சேர்த்து முப்பது கிலோவை ஒட்டிய கனம். 1658 முதல் 1781 வரை நாகையை வைத்திருந்த டச்சுக்காரர்கள் கையில் சிக்கி, கடைசியில் 1862இல் லெய்டன் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அதனால்தான் ஆனைமங்கலத்துச் செப்பேட்டை லெய்டன் செப்பேடு என்கிறார்கள். ஊர்ப் பெயர் போய், எடுத்துப்போனவர்கள் ஊர்ப் பெயர் ஒட்டிக்கொண்டது.

வண்டியை வெளிப்பாளையத்தில் நிறுத்தினேன்.

"இங்கதான்" என்றேன்.

அலுவலகக் கட்டிடங்கள், மதில், மதில் ஓரத்தில் இளநீர் வண்டி. தம்பி சுற்றிலும் பார்த்தான். "எதுண்ணே?" என்றான்.

ஒன்றும் இல்லை. 1867 வரை இருந்தது. இந்த வட்டாரத்தில் மூன்று நிலைச் செங்கல் கோபுரம் ஒன்று நின்றது. புதுவெளிக் கோபுரம் என்று ஊர்க்காரர்கள் சொன்னார்கள், கடலில் வந்தவர்கள் சீனக் கோபுரம் என்றார்கள். கப்பல்காரர்களுக்கு நாகையைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம் அதுதான். 1846இல் வால்டர் எலியட் என்ற பிரிட்டிஷ் அதிகாரி அதைப் பார்த்துக் குறிப்பு எழுதியிருக்கிறார். செங்கற்கள் காரை இல்லாமல் நெருக்கமாகப் பொருத்தப்பட்டிருந்தன, ஒவ்வொரு பக்கமும் நடுவில் வாசல் மாதிரித் திறப்பு, உள்ளே மேல்தளம் இருந்ததற்கான தடம், உச்சி திறந்து கிடந்தது, சிற்பமோ எழுத்தோ கண்ணில் படவில்லை. எனக்குப் பிடித்தது அவர் போகிறபோக்கில் சொல்லும் ஒரு விஷயம். அடிநிலையின் மூலைகள், போகிற வருகிற மாட்டுவண்டிகளும் மாடுகளும் உரசி உரசித் தேய்ந்துபோயிருந்தனவாம்.

அந்த வண்டிக்காரர்களில் யாரும் கோபுரத்தை வணங்கியிருக்கமாட்டார்கள். திருப்பத்தில் மாட்டை ஒடிக்கும்போது அச்சாணி சுவரில் இடிக்கும், "ஹை, ஹை" என்று ஒரு அதட்டல், அவ்வளவுதான் உறவு. கட்டியவர்களின் ஊர் பெயர் கூடத் தெரியாத சனத்தோடு இப்படியே பல நூறு வருஷம் நின்றிருக்கிறது.

இது சூடாமணி விகாரத்தின் எச்சமா, சீனர்கள் கட்டிய தனிக் கோபுரமா என்பது பழைய சண்டை. 14ஆம் நூற்றாண்டில் கடல் சுற்றிய வாங் தாயுவான் என்ற சீனர், சோழக் கரையில் செங்கல்லும் மண்ணுமாகக் கட்டிய ஒரு கோபுரத்தைப் பற்றி எழுதுகிறார். அதில் சீன எழுத்தில், 1267ஆம் ஆண்டு எட்டாம் மாதம் வேலை முடிந்தது என்று பொறித்திருந்ததாம். எனக்கு இந்தச் சண்டையில் பெரிய அக்கறை இல்லை. கடாரத்தாரோ சீனரோ, கடல் தாண்டி வந்து, ஊருக்குத் திரும்பக் காற்றுக்காக மாதக்கணக்கில் காத்துக்கிடந்தவர்கள் கட்டியது. அது நிச்சயம்.

பாண்டிச்சேரியில் இடமில்லாமல் போன சேசு சபைப் பாதிரிமார்கள் நாகைக்கு வந்து, கோபுரத்தை ஒட்டியே கல்லூரி நடத்தினார்கள். அந்தக் கல்லூரி 1883இல் திருச்சிக்குப் போய்விட்டது. கோபுரத்தை இடித்துக்கொள்ள 1859இல் கேட்டார்கள், கிடைக்கவில்லை. விடாமல் கேட்டு, 1867 ஆகஸ்டில் சென்னை அரசாங்கத்தின் அனுமதி கிடைத்தது. இடித்துவிட்டார்கள்.

தம்பி கோபப்படுவான் என்று நினைத்தேன். இந்த இடத்தில் எல்லாரும் கோபப்படுவார்கள். அவன் இளநீரை உறிஞ்சியபடி, "எங்க தோட்டத்துக் கோயிலையும் இப்படித்தாண்ணே" என்றான்.

சின்னத் தாத்தா வேலை செய்த ரப்பர் தோட்டத்தில் ஒரு மாரியம்மன் கோயில் இருந்தது. முதலில் ஒரு சூலம், பிறகு தகரக் கொட்டகை, பிறகு சுவர். கூலியில் பிடித்த காசில் கட்டியது. ஆடி மாதம் தீமிதி. தோட்டத்தை விற்றார்கள், ரப்பரை வெட்டி வீடுகள் கட்டினார்கள். கோயில் இருந்த நிலத்துக்குப் பட்டா கிடையாது. பக்கத்தில் வேறு இடம் தருகிறோம் என்று சொல்லி, அம்மனை ஒரு லாரியில் ஏற்றினார்களாம். தம்பிக்கு அப்போது பதினேழு வயது. சிலை ஆடாமல் இருக்க, லாரியில் பக்கத்தில் உட்கார்ந்து பிடித்துக்கொண்டு போனவர்களில் இவனும் ஒருவன்.

"மேடு பள்ளத்துல வண்டி குதிக்கும்போதெல்லாம் மன்னிப்பு கேட்டுக்கிட்டே போனோம்ண்ணே. சின்னப் பிள்ளையத் தூக்கிட்டுப் போற மாதிரி."

அங்கே பழைய கோயில்களுக்கும் இதே கதிதான் என்றான். பூஜாங் பள்ளத்தாக்கில், அவன் வீட்டிலிருந்து அரை மணி நேரத் தொலைவில், கடாரத்துக் காலத்துச் செங்கல் கோயில்களின் அடித்தளங்கள் நிறைய இருக்கின்றன. சண்டி என்பார்கள். அவற்றில் 11ஆம் எண்ணிட்ட ஒன்றை 2013இல் வீட்டுமனை போடுகிறவர்கள் மண்வாரி இயந்திரத்தால் இடித்துத் தள்ளியது பத்திரிகைகளில் எல்லாம் வந்ததாம். ஆக, அந்த ராஜா அங்கே விட்டுவந்ததும் இங்கே வந்து கட்டியதும் ஒரே கணக்கில் முடிந்திருக்கிறது.

அப்புறம் அவன் ஒரு கேள்வி கேட்டான். நாகையைப் பற்றி இத்தனை வருஷமாக வாசிக்கிறேன், எனக்குத் தோன்றாத கேள்வி.

"சாமிய எங்க வெச்சாங்கண்ணே?"

கட்டிடம் எப்போது போனது என்று எல்லாரும் கேட்கிறோம். லாரியில் சிலையைப் பிடித்துக்கொண்டு போனவனுக்குத்தான் இது தோன்றும்.

நல்லவேளை, இதற்குப் பதில் இருந்தது. 1856இல், கோபுரம் இன்னும் நின்றுகொண்டிருந்தபோதே, அந்தக் கல்லூரி வளாகத்தில் ஒரு பெரிய இலுப்பை மரத்தை வெட்டினார்கள். வேரைத் தோண்டும்போது மூன்றடி ஆழத்தில் செங்கல் வைத்து மூடிய ஒரு சிறிய அறை. அதற்குள் ஐந்து புத்தர்கள். நான்கு உலோகம், ஒன்று பீங்கான் கலந்த மண். அவற்றில் ஒன்று பிற்பாடு சென்னை ஆளுநராக வந்த நேப்பியர் கைக்குப் போனது. அதன் பீடத்தில் தமிழில் எழுத்து: ஆகமபண்டிதர், உய்யக்கொண்ட நாயகர். நாகையில் புத்தருக்கு நாயகர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள் நம்மவர்கள்.

வாரிப் போட்டுப் புதைத்தது மாதிரி இல்லை இது. குழி வெட்டி, செங்கல் அடுக்கி, உள்ளே வைத்து, மேலே மூடி, மண் தள்ளியிருக்கிறார்கள். திரும்பி வந்து எடுக்கலாம் என்று நினைத்தவர்கள் செய்கிற வேலை. எடுக்கவில்லை. அதற்கு மேல் ஒரு இலுப்பை முளைத்துப் பெருமரமாகும் அளவுக்குக் காலம் போயிருக்கிறது. அதற்குப் பிறகும் வெளிப்பாளையத்திலும் நாணயக்காரத் தெருவிலும் தோண்டத் தோண்ட வந்துகொண்டே இருந்தது. 1930கள் வரை கிடைத்தவை ஏறக்குறைய 350. அவற்றில் பல சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில். தம்பி திரும்பும்போது விமானத்துக்கு நேரம் இருந்ததால் அங்கே அழைத்துப் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாக நிற்கிறார்கள். தலை உச்சியில் தீக்கொழுந்து. நாகைப் புத்தரை அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். சாண் உயரம், முழ உயரம். வீட்டு மாடத்தில் வைத்துக் கும்பிடும் அளவு. பெரிய கோயில் மூலவரைத் தேடிப் போனவனுக்கு, யாரோ ஆளாளுக்குச் சக்திக்கேற்றபடி வார்த்துக் கொடுத்த பொம்மைகள் மாதிரி இருந்தது. தம்பி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத்தான் பார்த்தான். காவலர் ஒரு மாதிரிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

அந்த விகாரம் எப்படி இருந்திருக்கும் என்று நான் கேட்டதற்கு, தம்பி பினாங்கைச் சொன்னான். அங்கே புலாவ் தீக்குஸ் பகுதியில் ஒரே சாலையின் இரண்டு பக்கமும் எதிரெதிராக ஒரு பர்மியக் கோயிலும் ஒரு சயாம் கோயிலும் இருக்கின்றன. பர்மியக் கோயில் 1803இல் தொடங்கியது. மீன்பிடிக்கவும் வியாபாரத்துக்கும் வந்த பர்மியர்கள் கட்டியது. இன்று அந்தப் பகுதியில் பர்மியக் குடும்பங்கள் குறைவு. வருகிறவர்களில் சீனர்கள் அதிகம், தமிழர்களும் உண்டு. விசாக தினத்தன்று இவன் அம்மாவே போய் ஊதுவத்தி ஏற்றிவிட்டு வருவாளாம். "எந்த சாமின்னு கேக்கமாட்டா. கோயில்னா போவா."

நாகையிலும் அப்படித்தான் இருந்திருக்கும் என்று தோன்றுகிறது. எதிர்ப்பக்கமும் நடந்திருக்கிறது. நாகைக் காரோணத்துச் சிவன் கோயில் கல்வெட்டுகளில், ஸ்ரீவிஜயத்து அரசனின் ஆட்கள் சிவனுக்கு நகையும் விளக்கும் செய்துகொடுத்த கணக்கு இருக்கிறது. சீனக்கனகம், அதாவது சீனத்துப் பொன், கொடுத்ததும் பதிவாகியிருக்கிறது. தங்கள் புத்தருக்கு ஊரார் நிலம் கொடுத்தால், ஊரார் சிவனுக்கு இவர்கள் பொன் கொடுப்பார்கள். சம்பந்தி வீட்டு முறை மாதிரி.

இதைச் சொன்னால் உடனே வாட்ஸ்அப்பில் ஒரு பதிவு வரும்: பார்த்தீர்களா இராசராசனின் பெருந்தன்மை, சைவன் புத்தருக்குக் கொடுத்தான். பெருந்தன்மை இருக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அவன் துறைமுகம் வைத்திருந்தவன். வெளியூர் வியாபாரிக்குக் கும்பிட ஒரு கோயில் இருக்கிற துறைக்குத்தான் அவன் அடுத்த காற்றுக்கும் வருவான். பொருளை இறக்குவான், சுங்கம் கட்டுவான். இதெல்லாம் தெரியாமல் தஞ்சாவூரில் அவ்வளவு பெரிய கோயிலைக் கட்டியிருக்க முடியாது. தானத்துக்கு இருபது வருஷம் கழித்து, 1025இல், அவன் மகன் அதே கடாரத்தின் மேல் படை கொண்டு போனான். கடாரங்கொண்டான் என்று பட்டம். அப்போது நாகையில் பூசை செய்துகொண்டிருந்த பிட்சுக்கள் என்ன நினைத்திருப்பார்கள்? வாசலில் வந்து நிற்கிற கடாரத்து வியாபாரியிடம் என்ன பேசியிருப்பார்கள்? ஆனால் கோயிலுக்கு ஒன்றும் ஆகவில்லை. 1090இல் குலோத்துங்கனிடம் கடாரத்துத் தூதர்கள் இரண்டு பேர் வருகிறார்கள், இராஜவித்யாதர சாமந்தன், அபிமானோத்துங்க சாமந்தன் என்று பெயர். என்ன கேட்டு வந்தார்கள்? பள்ளி நிலங்களுக்கு வரி விலக்கு. சண்டை போட்டவர்கள் வீட்டுப் பேரன்கள், வரி பாக்கி பேச உட்கார்ந்திருக்கிறார்கள். சின்ன லெய்டன் செப்பேடு, மூன்றே ஏடு, அந்தப் பேச்சின் விளைவுதான்.

பிறகு கப்பல் வருவது குறைந்தது, வருகிறவர்களும் வேறு ஆட்களாக மாறினார்கள். 1476ஐச் சேர்ந்த பர்மாவின் கல்யாணி கல்வெட்டில் ஒரு சம்பவம் இருக்கிறது. இலங்கைக்குப் போய்த் திரும்பிய பர்மிய பிட்சுக்கள் சிலரின் கப்பல் உடைந்துபோய், நடந்தே நாகப்பட்டினம் வருகிறார்கள். பழைய விகாரம் ஒன்று இருந்த இடத்தைப் பார்க்கிறார்கள். இருந்த இடத்தை. பிறகு கடற்கரையில், சீன தேசத்து அரசன் கட்டுவித்த ஒரு குகையில் இருந்த புத்தரை வணங்கிவிட்டுப் போகிறார்கள். கப்பல் உடைந்து, துணி நனைந்து, தெரியாத ஊரில் தங்கள் சாமியைக் கண்டவர்கள். கோயிலுக்கு அதைவிடப் பெரிய வேலை எதுவும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

மத்தியானம் நாகூருக்குப் போனோம். தர்காவில் தம்பிக்கு வேறு ஒரு கணக்கு இருந்தது. பினாங்கு சூலியா தெருவில் ஒரு நாகூர் தர்கா இருக்கிறது. சிங்கப்பூர் தெலுக் ஆயர் தெருவில் இன்னொன்று, 1828க்கும் 1830க்கும் இடையில் கட்டியது. இங்கிருந்து சபருக்கு, அதாவது கடல் பயணம், போன மரைக்காயர்களும் வியாபாரிகளும், நாகூர் எஜமானை விட்டுவிட்டு இருக்க முடியாமல், அதே மாதிரி மினார் வைத்து அங்கே எழுப்பிக்கொண்டார்கள். உள்ளே அடக்கம் கிடையாது. நினைவுக்கு ஒரு கட்டிடம். கடாரத்தார் இங்கே செய்ததை நம்மவர்கள் எண்ணூறு வருஷம் கழித்து அங்கே செய்திருக்கிறார்கள். தம்பி இரண்டையும் பார்த்திருக்கிறான், மூலத்தை இப்போதுதான் பார்க்கிறான். "அங்க உள்ளது சின்னதா இருந்தாலும் அச்சு அசல்ண்ணே" என்றான், ஏதோ தான் கட்டிய மாதிரி.

மறுநாள் ஆனைமங்கலம். அவன் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன். கோயில் போய்விட்டது, கோயிலுக்குச் சோறு போட்ட ஊர் இருக்கிறது, வா.

கீவளூர்ச் சாலையில் புத்தூர், சிக்கல், ஆழியூர். ஆழியூரிலிருந்து திருக்கண்ணங்குடிக்கு ஒரு பாதை பிரியும். அந்தக் கதையையும் சொல்லிவிட்டேன். திருமங்கையாழ்வார் திருவரங்கத்துத் திருப்பணிக்குக் காசில்லாமல், நாகையில் இருந்த பொன்புத்தரை ராத்திரியோடு ராத்திரியாகத் தூக்கி வந்து, திருக்கண்ணங்குடிச் சேற்று வயலில் புதைத்துவிட்டு, புளியமரத்தைக் காவல் வைத்துத் தூங்கினாராம். விடிந்து உழ வந்தவன் ஏரைப் பூட்டியதும் மரம் இலையை உதிர்த்து எழுப்பியது. அது உறங்காப்புளி. நிலம் யாருடையது என்று வழக்கு, அது தீரா வழக்கு. தண்ணீர் தராத ஊரில் ஊறாக் கிணறு. நிழல் தந்தது காயா மகிழ். ஆழ்வார் காலம் கடாரத்தார் வருவதற்கு முந்தியது, அப்போதே நாகையில் புத்தர் இருந்தார் என்று கதை ஒத்துக்கொள்கிறது. திருட்டுக் கதையைத் திருடப் போனவர் பக்கத்தில் நின்று இவ்வளவு பெருமையாக வேறு எந்த ஊரும் சொல்லாது. தம்பி வாய்விட்டுச் சிரித்தான். பிறகு, "அதையும் சேத்துலதான் பொதச்சாங்களா" என்றான்.

செப்பேட்டுக் கணக்குப்படி ஆனைமங்கலத்தில் பள்ளிக்கு விட்டது 97 வேலி. ஆண்டுக்கு வரவேண்டிய நெல் 8,943 கலம், இரண்டு தூணி, ஒரு குறுணி, மூன்று நாழி. இந்தக் கடைசி மூன்று நாழி எனக்கு ரொம்பப் பிடிக்கும். எட்டாயிரம் கலம் கொடுக்கிறவன் மூன்று நாழியை விட்டுவிட்டு எழுதியிருக்கலாம். எழுதமாட்டான், கணக்குப்பிள்ளை விடமாட்டார். அப்பாவிடம் ஒரு முறை இந்தக் கணக்கைச் சொன்னேன். வேலிக்குத் தொண்ணூற்றிச் சொச்சம் கலம் என்று மனதிலேயே வகுத்துவிட்டு, "அந்தக் காலத்து மரக்கால் வேற. ஆனாலும் குடிக்கு மிஞ்சியிருக்கும்டா, ரெண்டு போகம் வெளஞ்சா" என்றார். அவருக்கு இராசராசனும் ஒரு மிராசுதார்தான்.

எல்லை குறித்த விதமும் அதில் இருக்கிறது. ஒரு பெண் யானையை நிலத்தைச் சுற்றி நடத்துவார்கள். அது நடந்த தடம்தான் எல்லை. பிடி சூழ்ந்து, பிடாகை நடந்து, கல்லும் கள்ளியும் நாட்டி என்பது அந்தக் காலத்து வாசகம். கல் அசையாது, கள்ளியை மாடு கடிக்காது. சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் கூட நடந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். கடல் தாண்டி யாரோ கட்டுகிற ஒரு கோயிலுக்காக, கோவணத்தோடு வரப்பில் ஒரு கூட்டம் யானைக்குப் பின்னால் நடந்திருக்கிறது. கோயில் வந்தவர்களுடையது என்றால், அதன் உலையில் வெந்த அரிசி இவர்களுடையது. "நம்ம கோயில்" என்று தம்பி சொன்னபோது நான் சிரித்திருக்க வேண்டாம். நானும் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தைதான் அது.

தாளடி அறுப்புக்கு இன்னும் நாள் இருந்தது. கதிர் தலை சாய்ந்து, தண்ணீர் வடித்துவிட்ட வயல். வாய்க்கால் மதகில் ஒரு பெரியவர் உட்கார்ந்து, துண்டை நனைத்துக் காலைத் துடைத்துக்கொண்டிருந்தார். வண்டியை நிறுத்தியதும் அவரே ஆரம்பித்தார்.

"யாரு, எல்ஐசியா?"

இல்லை என்றேன். ஊர் பார்க்க வந்தோம் என்றேன்.

"இங்க என்ன இருக்கு பாக்க?" தம்பியை மேலும் கீழும் பார்த்தார். அரைக்கால் சட்டை, முதுகுப் பை. "தம்பிக்கு எந்த ஊரு?"

தம்பி ஒரு நொடி யோசித்தான். சுங்கை பட்டாணி என்றால் புரியாது என்று நினைத்தானோ என்னவோ. "கடாரம், தாத்தா" என்றான்.

பெரியவர் கண்ணைச் சுருக்கி யோசித்தார். "கடாரமா? திருத்துறைப்பூண்டிக்கு அந்தப் பக்கமா?"

"கொஞ்சம் அந்தப் பக்கம்தான்" என்றான் தம்பி.

நான் குறுக்கிட்டு, ஊர் எல்லை எதுவரைக்கும் என்று கேட்டேன். கையை நீட்டி அங்கே ஒரு போர்செட், இங்கே ஒரு தென்னை, வாய்க்காலுக்கு அந்தாண்ட வேற ஊர் என்று காட்டினார். எல்லைக்கல் இருக்கிறதா? சர்வே கல் இருக்கு, பாதி பேர் பிடுங்கிப் போட்டுட்டான் என்றார்.

"கள்ளி இருக்கா தாத்தா?" என்று தம்பி கேட்டான்.

"கள்ளியா? அதெல்லாம் எங்க தம்பி, எங்க பாத்தாலும் சீமைக்கருவதான். அதுவும் ஒங்க ஊர்ப் பக்கத்துலேருந்து வந்ததுதான்னு சொல்றாங்க."

"அது எங்க ஊரு இல்ல தாத்தா" என்றான் தம்பி, அவசரமாக. பெரியவர் சிரித்தார். பிறகு எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வந்தது வந்தீங்க, வீட்டுக்கு வந்து மோர் குடிச்சுட்டுப் போங்க என்று முன்னால் நடந்தார். நாங்கள் வரப்பில் அவருக்குப் பின்னால் போனோம்.